நோரீன் எழுதிய முதல் மருந்து

நோரீன் இனிமேல் மருந்து எழுதலாம் என்ற செய்தி ஆஸ்பத்திரிக்குள் பரவியதும் முதலில் வாழ்த்துச் சொன்னவள் சமையல்கட்டில் ரொட்டி வாட்டும் பெண்தான். "இனிமே எனக்கு முதுகு வலிச்சா உங்ககிட்டயே வந்துடலாம்ல?" என்றாள். "மேல வார்டுல வந்து படு, எழுதித் தரேன். இங்க நின்னுக்கிட்டுக் கேட்டா முடியாது" என்றாள் நோரீன். இருவரும் சிரித்தார்கள். மற்றவர்கள் அவ்வளவு சுலபமாகச் சிரிக்கவில்லை.

செவிலியர்களும் மருந்து எழுதலாம் என்று அயர்லாந்தில் சட்டம் வந்து அப்போது அதிக காலம் ஆகவில்லை. மேயோ பக்கத்துச் சின்ன ஊர் ஆஸ்பத்திரி அது. அங்கே அந்தப் படிப்பை முடித்து வந்த முதல் ஆள் நோரீன். வேலையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு, மழையில் கால்வே நகரம் வரை காரோட்டிப் போய்ப் படித்தாள். ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்டவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. "'டாக்டர் இதோ வந்துடுவாரு'ன்னு பொய் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு." அறுவை வார்டில் இருக்கும் இரண்டு மருத்துவர்களும் ஆபரேஷன் அறைக்குள் போய்விட்டால், வெளியே வலியில் கிடப்பவனுக்கு அவர்கள் வரும்வரை அந்தப் பொய் ஒன்றுதான் மருந்து.

வார்டுத் தலைமை சிஸ்டர் டிம்ப்னாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "டாக்டருங்க வேலையையும் நம்ம தலையில கட்டிட்டாங்க. அவங்க சம்பளத்தையும் சேத்துக் கட்டினாங்களா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு நோரீனுக்கு ஒரு கேக்கும் வாங்கி வந்தாள். டிம்ப்னாவின் குணம் அப்படி.

பெரிய டாக்டர் லவெல் வேறு மாதிரி. நோரீன் எந்தெந்த மருந்தை எழுதலாம் என்ற உடன்பாட்டில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு வரி விடாமல் படித்தார். போட்டார். பேனாவை மூடும்போது சொன்னார்.

"எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லம்மா. உனக்குத் தெரியாதுன்னும் நான் சொல்லலை. ஆனா, டாக்டர் எழுதினாருன்னு தெரிஞ்சாலே நோயாளிக்குப் பாதி சரியாயிடுது, மாத்திரை தொண்டையில எறங்கறதுக்கு முன்னாடியே. நர்ஸ் எழுதினா அந்தப் பாதி கிடைக்குமான்னுதான் யோசிக்கறேன்."

அவர் கேலியாகச் சொல்லியிருந்தால் நோரீன் உடனே பதில் கொடுத்திருப்பாள். அவர் நிஜமாகவே யோசித்துச் சொன்னார். அதனால் அது முள்ளாகத் தைத்துக்கொண்டது. அதன் பிறகு மருந்து எழுத வேண்டிய சமயம் பலமுறை வந்தது. ஒவ்வொரு முறையும் இளைய டாக்டர் அந்த வழியாகப் போனார், அல்லது அந்த வழியாகப் போகும்படி நோரீன் பார்த்துக்கொண்டாள். சட்டைப் பையில் புதுப் பேனா மட்டும் குத்திவைத்தபடியே இருந்தது. "டாக்டரம்மா, இன்னிக்காவது மை தொட்டீங்களா?" என்று கூட வேலை செய்பவர்கள் சீண்டினார்கள். அவளும் சிரித்துவைத்தாள். பயமாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் கோல்மன் ருவேன் வந்து படுத்தார்.

கோல்மன் மலையடிவாரத்தில் செம்மறியாடு வளர்ப்பவர். அறுபதைத் தாண்டிய ஒண்டிக்கட்டை. அவர் ஆசை ஆசையாக விலை கொடுத்து வாங்கி, செனட்டர் என்று பெயர் வைத்த கிடா, தீவனம் வைக்கக் குனிந்தவரைப் பின்னாலிருந்து முட்டிக் கல்சுவரில் சாய்த்துவிட்டது. விலா எலும்புகளில் விரிசல் விட்டிருந்தது. முந்தின நாள் அவசரப் பிரிவில் படம் பிடித்து, பாராசிட்டமால் எழுதி, நுரையீரலைக் கவனிக்க வேண்டும் என்று அறுவை வார்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மறுநாள் மதியத்துக்குள் அந்த மாத்திரை போதாது என்று நோரீனுக்குத் தெரிந்துவிட்டது. ஆள் மேலோட்டமாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இருமல் வந்தால் பல்லைக் கடித்து விழுங்கினார். இப்படியே விட்டால் நெஞ்சில் சளி தங்கும், சளி தங்கினால் காய்ச்சல் வரும்.

"மூச்சை நல்லா இழுங்க, பாப்போம்."

"இழுத்தாச்சும்மா."

"இது மூச்சா? எலி இதைவிட நல்லா இழுக்கும்."

பக்கத்துப் படுக்கை மாலக்கி சிரித்தான். பித்தப்பையை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும் நாளை எதிர்பார்த்திருந்த பஸ் ஓட்டுநர். கோல்மனுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் முகம் கோணி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

நோரீன் ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டாள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தாள். என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது, வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்றெல்லாம் விசாரித்தாள். பிறகு அவர் அருகில் உட்கார்ந்தாள்.

"வலிக்கு இன்னும் பலமா ஒரு மருந்து எழுதறேன், கோல்மன். குடிக்கிற மருந்துதான்."

"யாரு எழுதறது?"

"நான்தான்."

கோல்மன் அவளுடைய சட்டையைப் பார்த்தார், காலணியைப் பார்த்தார். "நீ நர்ஸ்தானே?"

"ஆமா. மருந்து எழுதற நர்ஸ். படிச்சிருக்கேன், பதிவு பண்ணியிருக்கேன்."

"டாக்டர் எங்க?"

"ஆபரேஷன்ல இருக்காங்க. வர சாயங்காலம் ஆயிடும்."

"அப்ப சாயங்காலம் வரட்டும். நான் இருக்கேன்." குரலில் முரட்டுத்தனம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "தப்பா எடுத்துக்காதம்மா. நீ நல்ல பொண்ணு. ஆனா எங்கம்மா சொல்லுவா, டாக்டர் வந்து, தொப்பியைக் கழட்டி வெச்சு, தன் கையால எழுதினாத்தான் அது மருந்துன்னு."

"உங்கம்மா என்ன ஆனாங்க?" என்றான் மாலக்கி.

"செத்துட்டா."

"பாத்தீங்களா."

"தொண்ணூத்தி நாலு வயசுலடா."

வேண்டாம் என்று சொல்ல கோல்மனுக்கு முழு உரிமை உண்டு. நோரீன் ஒரு தலையணையை அவர் நெஞ்சோடு அணைத்துவைத்து, இருமும்போது இப்படி இறுக்கிக்கொள்ளுங்கள் என்று காட்டிவிட்டு வந்தாள். ஆபரேஷன் அறைக்குப் போன் செய்தாள். இப்போதைக்கு யாரும் வெளியே வர முடியாது என்று அங்கிருந்து பதில் வந்தது.

"நான் சொன்னேன்ல" என்றாள் டிம்ப்னா. பிறகு நோரீனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "டீ போடட்டுமா?" என்றாள்.

நோரீனுக்கு டீ இறங்கவில்லை. மறுக்கப்பட்டது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. டாக்டர் வரட்டும் என்று அவர் சொன்ன நொடியில் தன் மனதுக்குள் ஓர் ஓரத்தில் அப்பாடா என்று இருந்ததே, அதுதான் அவளை அரித்தது.

பார்வையாளர் நேரம் ஆரம்பித்ததும் ஃபெஸ்டி வந்தார். கோல்மனின் பக்கத்து நிலத்துக்காரர், பால்ய சிநேகிதர். மேல்கோட்டிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. கையில் துணியில் சுற்றிய ரொட்டி. கோல்மன் படுத்திருக்கும்வரை ஆடுகளைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

"செனட்டர் எப்படிடா இருக்கான்?" என்று கேட்டார் கோல்மன்.

ஃபெஸ்டி ரொட்டியை மேசைமேல் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். "இன்னிக்குக் காலையில கோயில்ல என்ன விசேஷம் தெரியுமா?"

"பிள்ளைங்களுக்கு உறுதிபூசுதல். பிஷப்பு, ஆயரே வராருன்னு சொன்னாங்க. அதுக்கும் என் கிடாவுக்கும் என்னடா?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். பட்டியோட கேட்டை நான் சாத்தினேன். சாத்தினேன்னுதான் நினைக்கறேன்."

மாலக்கி அவர்கள் பக்கம் திரும்பிப் படுத்தான்.

"பூசை நடக்குது. ஊரே உள்ள இருக்கு. வாசல்ல ஆயரோட கார். கறுப்புக் கார், கழுவித் துடைச்சுப் பளபளன்னு நிக்குது. நம்மாளு ரோட்டோட நடந்து வந்து உள்ள நுழையறான். காரைப் பாக்கறான். கதவுல இன்னொரு கிடா நிக்குது."

"ஐயோ" என்றார் கோல்மன்.

"இவன் தலையை ஆட்டறான். அவனும் ஆட்டறான். இவனுக்குப் பிடிக்கலை. மரியாதையாப் பின்னாடி போனான், ஓடி வந்தான், விட்டான் ஒண்ணு. உள்ள எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. ஃபாதர் பிரசங்கம் பண்ணிக்கிட்டிருந்தாரு. தூய ஆவி வரும்போது பெருங்காத்து மாதிரி சத்தம் கேக்கும்னு அப்பத்தான் சொன்னாரு. சொல்லி வாய் மூடலை, டமார்னு..."

கோல்மனிடமிருந்து வந்த சத்தம் சிரிப்பா அலறலா என்று யாருக்கும் புரியவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஒரு கையால் விலாவையும் மறு கையால் ஃபெஸ்டியின் கோட்டையும் பிடித்திருந்தார். "நிறுத்துடா. சிரிச்சேன்னா செத்துடுவேன்."

"சரி, நிறுத்திட்டேன்."

கோல்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம் என்ன ஆச்சு?"

"நீதானே நிறுத்தச் சொன்ன?"

"ஆயர் வெளிய வந்தாரா, அதை மட்டும் சொல்லு. சிரிக்காம சொல்லு."

"வந்தாரு. வந்து என்ன பண்ணாரு தெரியுமா..." ஃபெஸ்டியின் உதடு துடித்தது. அதைப் பார்த்ததுமே கோல்மனின் வயிறு குலுங்க ஆரம்பித்துவிட்டது. "வேணாம், வேணாம்" என்று கையை ஆட்டினார். அலறல் கேட்டு ஓடி வந்த நோரீன் கட்டில் காலடியில் நின்றாள்.

கோல்மன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, ஏதோ எழுதறேன்னியே. அதைக் குடிச்சா சிரிக்க முடியுமா?"

பெரிதாக வாக்குக் கொடுக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. நோரீன் கொடுக்கவில்லை. "வலி முழுசாப் போகாது. பாதியாக் குறையும். தலையணையை இறுக்கிக் கட்டிக்கிட்டீங்கன்னா சிரிக்கலாம், இருமலாம், மூச்சும் இழுக்கலாம். எனக்கு வேண்டியது அந்த மூச்சுதான்."

"டாக்டர் எழுதினாத்தான்..." என்று கோல்மன் இழுத்தார்.

"ஏண்டா," என்றார் ஃபெஸ்டி, "நம்ம ஆடுங்களுக்கெல்லாம் ஊசி போடறது யாரு? நீதானே. எந்த டாக்டரைக் கேட்டுப் போடற?"

"ஆடுங்க எதுவும் கேக்காதுடா."

"கேட்டிருந்தா உன்கிட்ட நிக்குமா?"

மாலக்கி போர்வையால் முகத்தை மூடிக்கொண்டான். கோல்மன் கண்ணை மூடி, வலியோடு ஒரு சின்ன மூச்சு விட்டார். "எழுதும்மா" என்றார்.

நோரீன் பேனாவை எடுத்தாள். மருந்தின் பெயர், அளவு, எத்தனை மணிக்கு ஒருமுறை, எதற்காக என்று ஒவ்வொன்றாக எழுதினாள். கீழே தன் முழுப் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதினாள். எழுதியவரே மருந்தை ஊற்றிக் கொடுக்கக் கூடாது என்பது விதி. அதனால் அதை டிம்ப்னாவிடம் கொண்டுபோனாள்.

டிம்ப்னா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டுவதுபோலப் படித்தாள். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா ஒரு எழுத்து விடாம படிக்க முடியுதேடி. டாக்டர் எழுதலைங்கறது தூரத்துல இருந்து பாத்தாலே தெரிஞ்சுடும்." இன்னொரு சிஸ்டரை சாட்சிக்குக் கூப்பிட்டு அலமாரியைத் திறந்தாள். குட்டிக் குவளையில் மார்ஃபின் திரவத்தை ஊற்றி எடுத்துவந்து கோல்மன் கையில் கொடுத்தாள். கோல்மன் அதை ஃபெஸ்டியை நோக்கி உயர்த்திக் காட்டிவிட்டுக் குடித்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணி குடுங்க" என்றாள் நோரீன். "அதுவரைக்கும் கதை கிடையாது."

அந்த அரை மணி நேரத்தை அந்த வார்டு அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கதை பாதியில் நிற்கிறது என்று எப்படியோ தெரிந்து, எதிர் அறையிலிருந்து இரண்டு பேர் மருந்துப் பாட்டில் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். "என் காதுல மட்டும் சொல்லிடுங்க" என்று மாலக்கி கெஞ்சினான். "ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது, அது என் கிடா" என்றார் கோல்மன். ஃபெஸ்டி ரொட்டியை அறுத்து எல்லோருக்கும் வெண்ணெய் தடவிக் கொடுத்தார். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தது. எல்லோரும் டிம்ப்னாவைப் பார்த்தார்கள். டிம்ப்னா ஜன்னலைப் பார்த்தாள். "மருந்து வேலை செய்யுதான்னு பாக்கணும். அதுவரைக்கும் இருக்கட்டும்" என்றாள்.

நோரீன் கோல்மனின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். மூச்சை எண்ணினாள். வெளியே வேறு நோயாளியைப் பார்க்கப் போனாலும் காது இங்கேதான் இருந்தது. டாக்டர் லவெல் சொன்ன அந்தப் பாதி நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அந்தப் பாதி கிடைக்காவிட்டால் மீதிப் பாதி போதுமா?

அவள் திரும்பி வந்தபோது கோல்மனின் தோள்கள் இறங்கியிருந்தன. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்திருந்தன. மெதுவாக மூச்சை இழுத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் இழுத்தார். "அட" என்றார், தனக்குத்தானே.

அந்த நேரம் பார்த்து டாக்டர் லவெல் மேலே வந்தார். ஆபரேஷன் தொப்பியின் தடம் நெற்றியில் பதிந்திருந்தது. "என்ன இது, இங்க ஏதாவது பூசை நடக்குதா?"

"நோரீன் எழுதின மருந்து வேலை செய்யறதுக்காகக் காத்துக்கிட்டிருக்கோம், டாக்டர்" என்றாள் டிம்ப்னா.

"கோல்மன்," என்றான் மாலக்கி, "நீங்க கேட்ட டாக்டர் வந்துட்டாரு."

எல்லோரும் கோல்மனைப் பார்த்தார்கள். நோரீனும் பார்த்தாள்.

கோல்மன் டாக்டரை நோக்கி உள்ளங்கையைக் காட்டினார். "கொஞ்சம் இருங்க டாக்டர். இப்ப நேரமில்லை." தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ம், ஃபெஸ்டி. சொல்லு."

ஃபெஸ்டி எழுந்து நின்றார்.

"ஆயர் வெளிய வந்தாரு. பட்டாடை, தலையில அந்த உசரமான கிரீடம், கையில ஆயர்கோல், எல்லாத்தோடயும். பின்னாடி பிள்ளைங்க. நம்மாளு காரை விட்டுட்டுத் திரும்பினான். ஆயரைப் பாத்தான். பளபளன்னு அவரும் காரு மாதிரிதானே இருக்காரு? பின்னாடி போக ஆரம்பிச்சான். ஃபாதர் கல்லறைச் சுவர் மேல ஏறிட்டாரு. ஏறுங்க சாமி, நீங்களும் ஏறுங்கன்னு கத்தறாரு. ஆயர் நகரலை. இவன் ஓடி வரான். வந்தவனுக்கு ஒரு அடி ஒதுங்கி வழி விட்டாரு. விட்டுட்டு, கோலோட வளைஞ்ச தலையைக் கழுத்துல மாட்டினாரு பாரு, ஒரே சுழட்டு. ரோமம் கத்தரிக்க ஆட்டை உக்கார வெப்போமே, அப்படிப் பிட்டத்துல உக்கார வெச்சுட்டாரு. கிரீடம் கூட அசையலை. அவரு அப்பாவும் ஆட்டுக்காரராம்டா. உக்கார வெச்சுட்டு எங்களைப் பாத்துச் சொல்றாரு: 'ஆயரானதுல இருந்து இதைத் தூக்கிக்கிட்டு அலையறேன். இன்னிக்குத்தான் இதுக்கு ஒரு வேலை குடுத்தீங்க.'"

கோல்மன் சிரித்தார். தலையணையைப் பிழிந்துவிடுவதுபோல் கட்டிக்கொண்டு, முகம் சிவக்க, கண்ணீர் வழிய, வார்டின் கண்ணாடிகள் அதிரும்படி சிரித்தார். வலித்தது, ஆனாலும் நிறுத்தாமல் சிரித்தார். சிரிப்பு இருமலானது. காலையிலிருந்து விழுங்கிய இருமல் எல்லாம் அடிநெஞ்சிலிருந்து கிளம்பி வந்தது. நோரீன் முதுகைத் தாங்கிக்கொண்டாள். இருமி முடித்ததும் அவர் மூச்சை இழுத்தார். வயிறு வரைக்கும் போன மூச்சு.

டாக்டர் லவெல் சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து, கோல்மனின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். பிறகு நோரீன் எழுதியதை எடுத்துப் படித்தார்.

"அடி வரைக்கும் காத்து போகுது" என்றார். "இதுல மருந்து எவ்வளவு, ஆயர் எவ்வளவுன்னு என்னால பிரிக்க முடியலை நோரீன்."

"நீங்க எழுதறப்பவும் பாதி மருந்தால இல்லைன்னுதானே சொன்னீங்க, டாக்டர்."

அவர் அவளைப் பார்த்தார். "சொன்னேன், ஆமா" என்று மறுபடி சிரித்தார். கதவருகே போய்த் திரும்பினார். "கடைசிக் கட்டில்காரருக்குக் குமட்டுதாம். நீயே பாத்து எழுதிடறியா? நான் காலையில இருந்து ஒரு வாய் டீ குடிக்கலை."

கடைசிக் கட்டிலில் இருந்தவர் முகம் பச்சையாக, கிண்ணத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். யார் எழுதுகிறார்கள் என்று அவர் கேட்கவே இல்லை. அவருக்கு நோரீன் எழுதி முடித்ததும், மாலக்கி தன் பங்குக்கு, கோல்மனுக்கும் தனக்கும் ஆளுக்கொரு கோப்பை கறுப்பு பீர் எழுதித் தரச் சொல்லிக் கேட்டான். அது தன் அனுமதியில் இல்லை என்றாள் நோரீன். டிம்ப்னா அலமாரியைப் பூட்டிக்கொண்டே, ரொம்ப அலட்சியமான குரலில், "அந்தப் படிப்புல கணக்கு நிறைய வருமாடி?" என்று கேட்டாள்.

வேலை முடிந்து வெளியே வந்தபோது மழை விட்டு, வானத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. நோரீன் வண்டியில் பாட்டுப் போடாமல், தானே பாடிக்கொண்டு போனாள். அவளுக்குப் பாட வராது.

வீட்டில் அவள் கணவன் டெக்லன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். அவள் கோட்டைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டான். "ஆயர் கிடா பிடிச்ச கதை கேட்டியா? பெட்ரோல் பங்க்ல சொன்னாங்க."

பெட்ரோல் பங்க்குக்கு வந்து சேர்வதற்குள் கதையில் கிடாவுக்குக் கொம்பு நீண்டிருந்தது, கார் ஆற்றில் இறங்கியிருந்தது. நோரீன் குறுக்கே பேசவில்லை. காலணியைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டு, கடைசிவரை கேட்டாள், சிரிக்க வேண்டிய இடங்களில் எல்லாம் சிரித்தாள்.

"அந்தக் கதையில நானும் இருக்கேன்" என்றாள்.

டெக்லன் கத்தியைக் கீழே வைத்தான். "நீயா? எங்க?"

"நடுவுல" என்றாள் நோரீன். "கிழங்கு கிடக்கட்டும், இப்படி வந்து உக்காரு, சொல்றேன்."